ஏழு காலி வேகன்கள்

தர்மபுரி ஸ்டேஷனில் நான் தந்தி குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, மொரப்பூரிலிருந்து ஓசூர் போகும் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளும் சின்னவை, வேகமும் கொஞ்சம்தான். ஏற்றத்தில் ஆட்கள் இறங்கிக் கூடவே நடந்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். அந்தப் பாதையைப் பராமரித்த இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைக்காரர். அவரை யாராவது இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால், கையில் எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டுத் திருத்துவார். அவர் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டுக்காரர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஐம்பதை நெருங்கியவர், மனைவி இல்லை. தண்டவாள வேலை செய்யும் கேங் ஆட்களிடமே தமிழ் கற்றதால் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் அவர் வாயிலும் வரும்.

அவருக்கு ஒரே ஒரு கவலை உண்டு. அது அவர் நாட்டு ரக்பி அணி.

ரக்பி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில், முட்டை வடிவத்தில் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்து கேங் ஆட்களுக்கு ஆட்டத்தை விளக்கினார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளிகள் பாய்ந்து பிடித்து மண்ணில் சாய்க்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்த கேங் மேஸ்திரி, சடுகுடுவில் பேர் போன ஆள், மரியாதையாகவே கேட்டார்:

"ஓடறவன புடிச்சி கீழ தள்றதுதானுங்களே தொரை? அதுக்கு எதுக்குங்க பந்து?"

துரை வெகுநேரம் சிரித்தார். அன்று ஆடியது பாதி ரக்பி, பாதி சடுகுடு. மேஸ்திரி மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே பந்தோடு ஓடினார். எனக்கு வேட்டி கிழிந்தது.

வேல்ஸ் அணி பல வருஷங்களாகச் சரியாக ஆடவில்லை என்று துரை சொல்வார். சுரங்கங்கள் மூடிப் பிழைப்புக் கெட்டுப்போனதில், நல்ல ஆட்டக்காரர்கள் பலர் காசு கொடுத்து ஆடவைக்கும் வட இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போய்விட்டார்களாம். இங்கிலாந்தின் பெரிய மைதானத்தில் வேல்ஸ் ஒருமுறைகூட ஜெயித்ததே இல்லை. ஆனால் இப்போது புதிதாக இளம் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், ஓட்டம் பிரமாதம், இந்த வருஷம் பார் என்பார். ஒரு தை மாதம் அதே மைதானத்தில் ஆட்டம் என்று தெரிந்தது. அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அவர் தண்டவாளத்தைவிட அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஜுரம் பிடித்துக்கொண்டது. அதில் வேறொரு ருசியும் இருந்தது. எங்களை ஆண்டுகொண்டிருந்த இங்கிலாந்து யாரிடமாவது தோற்க வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை. சர்க்கார் சம்பளம் வாங்காவிட்டாலும் வெள்ளைக்காரக் கம்பெனியின் ரயில்வே உத்தியோகம், வாய்விட்டுச் சொல்ல முடியாது.

முடிவு திங்கட்கிழமை மெட்ராஸ் பேப்பரில் வரும். பேப்பர் காலையிலேயே மொரப்பூருக்கு வந்துவிடும், எங்களுக்கு வந்துசேர மத்தியானம் ஆகும். அந்த அரை நாளைக்கூடத் துரையால் பொறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மொரப்பூர் தந்தி குமாஸ்தா என் சிநேகிதன். ரயில்வே கம்பியில் சொந்த விஷயம் அனுப்பக் கூடாது என்பது சட்டம். அதனால் ரயில்வே செய்தி மாதிரியே அனுப்புவது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். காலி வேகன் என்றால் வேல்ஸ், சரக்கு வேகன் என்றால் இங்கிலாந்து. துரையிடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை வெகுநேரம் கருவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பசி தாங்காமல் இட்லி சாப்பிட வீட்டுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கம்பி தட்டியிருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தந்தி பாஷை நன்றாகத் தெரியும். அவரே உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்: காலி வேகன் ஏழு, சரக்கு வேகன் மூன்று.

அப்போது புளி சீசன். காலி வேகன் கேட்டு மண்டிக்காரர்கள் மூன்று வாரமாக அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வேகன் என்றதும் மனிதர் ஆளனுப்பி, ஸ்டேஷனை ஒட்டியிருந்த எல்லா மண்டிக்கும் சொல்லிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது ஸ்டேஷன் வாசலில் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. பிளாட்பாரம் முழுக்கப் புளி மூட்டைகள். வாசனையிலேயே பல் கூசியது. என்ன விஷயம் என்று கேட்டேன். ஏழு காலி வேகன் வருவதாக ஸ்டேஷன் மாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார்.

ஏழுக்கு மூன்று. வேல்ஸ் ஜெயித்துவிட்டது. அதுதான் முதலில் மனசில் பட்டது. குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நொடியே வேலை போய்விட்டது என்று தோன்றியது.

அவரைத் தனியாக அழைத்துப்போய் உண்மையைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்து, சத்தம் போடாமல் கேட்டார்:

"அப்ப வேகனே இல்லையா?"

"இல்லைங்க சார்."

"ஒண்ணுகூட?"

அந்தச் சமயம் பாலக்கோட்டுப் பக்கமிருந்து தண்டவாளத்தின்மேல் துரையின் தள்ளு டிராலி வந்து நின்றது. மூட்டைகளையும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த எண்களை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த புளி மூட்டைமேல் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு எழுந்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசினார். ஜல்லி ஏற்றும் திறந்த வேகன் நாலு அவர் பொறுப்பில் பாலக்கோட்டில் சும்மா நின்றன. பெருக்கிக் கழுவி, தார்ப்பாய் போட்டுச் சாயங்காலத்துக்குள் அனுப்பினால் போதுமா என்று கேட்டார். நாலு வேகனில் பாதி மூட்டைக்குமேல் போய்விடும். மேலதிகாரிக்குத் தானே எழுதிக்கொள்வதாகவும் சொன்னார்.

மீதி மூட்டைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? நான்தான் போனேன். மண்டிக்காரர்களில் மூத்தவர் கதர் கட்டுகிறவர், ஒருமுறை ஜெயிலுக்கும் போய் வந்தவர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க மூட்ட கெடக்கட்டுங்க. தோத்தது இங்கிலாந்துதானுங்களே?"

"ஆமாங்க. அவங்க ஊர்லயே வெச்சு."

"அப்ப சரிங்க. நாளைக்கி மொரப்பூருக்கு வண்டி கட்டிக்கிறோம்."

மற்றவர்களுக்கும் அவரே எடுத்துச் சொன்னார். சாயங்காலம் நாலு வேகனும் வந்தன. மேஸ்திரியும் கேங் ஆட்களும் கூலி கேட்காமல் மூட்டை ஏற்றிக் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரை அவர்களுக்கு ஆட்டுக்கறி வாங்கிக் கொடுத்தார். பங்களா மரத்தடியில் களி கிண்டி, கறிக்குழம்பு ஊற்றி எல்லாரும் சாப்பிட்டோம். நானும் மனைவியும் சைவம், எங்களுக்கு மட்டும் கீரை கடைந்திருந்தார்கள். ஏதோ ஒரு ஊர் ஜெயித்ததற்கு இத்தனை கூத்தா என்று அவள் கேட்டாள். நல்ல கேள்விதான், கீரையும் நன்றாக இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே, அவங்களுக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்.

அந்த வருஷம் அடுத்த இரண்டு ஆட்டத்திலும் வேல்ஸ் தோற்றது. பேப்பரைப் படித்துவிட்டுத் துரை மடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் இன்னும் பழக வேண்டும், இரண்டு வருஷம் போகட்டும் என்றார். அவர் சொன்னதும் வீண்போகவில்லை. இரண்டு மார்கழி கழிந்து மூன்றாவதில், உலகத்தில் யாரும் லேசில் வெல்ல முடியாத நியூசிலாந்தை ஒரே ஒரு பாயிண்டில் வென்றார்கள். சேதி வந்த அன்று மேஸ்திரி துரையின் பங்களாவுக்குப் போய் அவருக்கு மாலை போட்டார்.

யுத்தம் வந்தது. ஆட்டங்கள் நின்றன. எங்கள் சின்ன ரயிலின் தண்டவாளங்களையும் யுத்த தளவாடத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். துரை அதைப் பார்க்கவில்லை. முன்னமே ஓய்வு பெற்றுக் கப்பல் ஏறிவிட்டார். என்னைச் சேலத்துக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள், சொந்தமாக ஓர் ஓட்டு வீடும் அமைந்தது.

சுதந்திரம் வந்த மறுவருஷம் நம் கால்பந்து அணி முதல்முறையாக உலக நாடுகளெல்லாம் கூடும் பெரிய பந்தயத்துக்கு லண்டன் போனது. பலபேர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். அதைப்பற்றித் துரைக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். யார் யார் நன்றாக ஓடுவார்கள் என்றெல்லாம் பேப்பரில் படித்ததை வைத்து விளக்கியிருந்தேன். ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியையும் வெளியே அடித்துவிட்டார்கள் என்று படித்தபோது சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் துரையின் பதில் வந்தது. ரேடியோவில் கேட்டாராம். முழங்கால் வலி, தோட்டத்தில் உருளைக்கிழங்கு, மேஸ்திரி சௌக்கியமா என்ற விசாரிப்பு, எல்லாம் இருந்தது. கடைசியில், இன்னும் இரண்டு வருஷம் கொடு, நல்ல அணி என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலமே பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய் அவர்களுக்கு ஒரு பந்து வாங்கினேன்.