முதல் கார்னெட்காரனின் முன்பல்

ராய்ஸ்டன் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். அவனுடைய கல்யாணப் படத்திலும் அப்படித்தான், மகள் ஜோசி பிறந்தபோது எடுத்த படத்திலும் அப்படித்தான், எங்கள் பேண்டுக் குழு வருஷா வருஷம் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படங்களிலும் அப்படித்தான். உதடு கொஞ்சம் இழுபடும், பல் வெளியே வராது. பஸ் ஓட்டுகிறவன். விடிந்ததிலிருந்து ஃபிளாஸ்க் ஃபிளாஸ்காகக் கடுந்தேநீர் குடிப்பான். சரியாகக் கழுவாத தேநீர்க் கோப்பையின் உட்புறம் எப்படி இருக்கும், அந்த நிறத்தில்தான் பல்லெல்லாம் இருந்தது.

ஆனால் அந்தப் பல்லின் மேல் கார்னெட்டை வைத்து அவன் ஊதினால் எங்கள் ஊர் ஹோம்பெக்கில் நாய்கூட வாயை மூடிக்கொள்ளும். கார்னெட் என்பது டிரம்பெட்டுக்குக் குட்டைத் தம்பி, குரல் மட்டும் அதைவிடக் கனிவு. எங்கள் குழுவில் முதல் நாற்காலி அவனுடையது. நான் டோரீன், அவனுக்குப் பின்வரிசையில் இரண்டாம் கார்னெட். ஊரில் யாராவது செத்தால் பாதிரியாருக்கு முன்னால் ராய்ஸ்டனுக்குத்தான் ஆள் போகும். அவன் ஊதாமல் தன்னைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று என் அம்மா உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தாள். அப்படியே நடந்தது. மழையில் நின்று ஊதினான், நான் அழுத அழுகைக்குப் பாதி காரணம் அவன்தான்.

மனைவி போன பிறகு அவனுக்கு இருந்தது இரண்டே. ஒன்று ஜோசி, இன்னொன்று அந்த நாற்காலி. அதனால்தான் ஜோசி கேட்டதை அவனால் தட்ட முடியவில்லை.

மே மாதம் அவளுக்குக் கல்யாணம். லீட்ஸிலிருந்து வந்திருந்தவள், அப்பாவின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அப்பா, என் கல்யாணப் படத்துலயாவது பல்லு தெரியச் சிரிங்கப்பா. எங்கப்பா சிரிச்சா எப்படி இருப்பாருன்னு எனக்கே தெரியாது."

"சிரிச்சா படம் மஞ்சளாயிடும்மா."

"வெளுத்துக்கோங்க. இப்ப எல்லாரும் பண்றாங்க. நம்ம டாக்டரம்மாவே பண்ணுவாங்களே."

டாக்டரம்மா என்றால் ஹிலரி பாரக்ளஃப், எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே பல் மருத்துவர். அவளுடைய புருஷன் எர்னெஸ்ட் பாரக்ளஃப்தான் எங்கள் குழுவை நடத்துகிறவர். கோலைத் தூக்கினாரென்றால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். யாராவது நன்றாக ஊதினால் மூக்கைச் சொறிந்துகொள்வார். அதுதான் பாராட்டு.

ஜோசி போன பிறகு நானும் சொன்னேன். "ஹிலரிகிட்டயே போயேன்யா. மேலத் தெருவுலதான இருக்கா."

"போய் அவ நாற்காலில படுக்கச் சொல்றியா? விளக்கைப் போட்டு வாய்க்குள்ள துருவிப் பாப்பா. பாத்ததையெல்லாம் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில புருஷனுக்குப் பரிமாறுவா."

"அப்படி என்னத்தய்யா ஒளிச்சு வெச்சிருக்க வாய்க்குள்ள?"

"மஞ்சப் பல்லு. வேற என்ன?" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கெண்டியை அடுப்பில் வைத்தான்.

ஒளித்துத்தான் வைத்திருந்தான். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வருஷா வருஷம் பெந்தெகொஸ்தே திருநாள் கழிந்த வெள்ளிக்கிழமையன்று எங்கள் மலைப்பக்கத்துக் குழுக்கள் எல்லாம் ஊர் ஊராகப் போய் அணிவகுத்துப் போட்டி போட்டு ஊதுவது வழக்கம். பல வருஷம் முன்னால் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டுத் தெருவில் நாய் ஒன்று குறுக்கே பாய, பின்னால் வந்தவன் தடுமாறி இவன் முதுகில் மோதினான். கார்னெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் பல்லில் இடித்தது. ரத்தம் வந்தது. உதடு கிழிந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டு ஊதினான். உண்மையில் முன்பல்லில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழுந்திருந்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் கூட்டத்தில் யாருமே சொல்லமாட்டார்கள். பாரக்ளஃபுக்கு முன்னால் குழுவை நடத்திய மனிதர் ஒரு முசுடு. மால்கம் என்று ஒருவன் முதல் நாற்காலியில் இருந்தான். பல் ஆடுகிறது என்று வாய்தவறிச் சொன்னான். அடுத்த ஒத்திகையில் அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார். மால்கம் அந்த வருஷமே குழுவை விட்டுப் போனான், அப்புறம் தெருவில் பேண்டு சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். அதைப் பார்த்த பிறகு எங்களில் எவனுக்காவது பல் வலித்தால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கிராம்பை அடக்கிக்கொண்டு ஊதுவான். முட்டாள்கள்.

ஆக, ராய்ஸ்டன் கீழே டவுனுக்குப் போய்விட்டான். அங்கே ஓர் அழகு நிலையம். நகத்துக்குச் சாயம், புருவத்துக்கு நூல், பல்லுக்கு வெள்ளை, எல்லாம் ஒரே போர்டில். பல் வெளுக்கிற வேலையைப் பல் மருத்துவரோ, அவர் சொல்லி அவர் ஆட்களோ தவிர வேறு யாரும் செய்யக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. அந்த நிலையத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை.

"பல்லுல ஏதாவது பிரச்சினை இருக்காங்க? ஓட்டை, விரிசல், கூச்சம்?" என்று கேட்டாளாம். அந்த மட்டும் கேட்டாளே என்று சொல்லவேண்டும்.

"எனக்கா? குதிரைப் பல்லும்மா எனக்கு" என்று சொல்லியிருக்கிறான். அத்தனை வருஷப் பழக்கம், கேட்டதும் தானாக வந்துவிட்டது.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கவில்லை, குச்சியால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பசை போன்ற மருந்தை அப்பி, நீல விளக்கைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொன்னாள். எவ்வளவு காட்டமான மருந்து என்று டப்பாவில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையாம். ஈறெல்லாம் வெந்து வெளிறிப்போனது. அன்றைக்கே அந்தப் பல்லில் சுள்ளென்று இழுக்க ஆரம்பித்தது. போனில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. நல்ல பல்லாக இருந்தால் கூச்சம் அடங்கித்தான் போகும்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் ஜோசி நடந்துவர அவன்தான் ஊதினான். வெளியே வந்து படத்துக்கு நிற்கும்போது ஜோசி அவன் விலாவில் இடித்தாள். அவன் சிரித்தான். வாயைத் திறந்து, பளீரென்று, நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு. டிராம்போன்காரர்கள் விசில் அடித்தார்கள். "டேய், கண்ணு கூசுதுடா, விளக்கை அணை!" என்று ஒருவன் கத்தினான். ஜோசி அழுதே விட்டாள். அந்தப் படத்தில் அவனைப் பார்த்தால் மணமகனே அவன்தானோ என்று தோன்றும், அவ்வளவு அழகு. விருந்தில் மட்டும் அவன் மாட்டிறைச்சியைத் தொடாமல் பிசைந்த உருளைக்கிழங்கையே தின்றுகொண்டிருந்ததை நான் கவனித்தேன். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் பிறந்தபோது வெள்ளைப் பல்வரிசைக்கு நடுவில் ஒன்று மட்டும் பாத்திரம் கழுவின தண்ணீர் போல நிறம் மாறத் தொடங்கியது. உள்ளே நரம்பு செத்துவிட்டால் பல் அப்படித்தான் ஆகும். அவன் பழையபடி வாயை மூடிக்கொண்டான்.

அந்த வருஷத்துப் போட்டி வெள்ளிக்கிழமை வந்தது. போட்டிக்கு மதிப்பெண் போடுகிறவர், ஊதுவது யார் என்று தெரியாமலிருக்கத் திரை போட்ட வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். வெறும் காது மட்டும்தான். மூன்றாவது ஊரில் ராய்ஸ்டன் தனியாக ஊதவேண்டிய இடம். மேல் சுரத்துக்கு ஏறினான், ஏறின இடத்தில் சத்தம் உடைந்தது. கன்றுக்குட்டி கத்தினதுபோல் ஒரு ஒலி. அடுத்த நொடி அவன் கார்னெட்டைக் கீழே இறக்கிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். மீதியை நாங்கள் எப்படி முடித்தோமோ தெரியாது.

மறுநாள் காலை கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவனை நான்தான் காரில் ஏற்றி ஹிலரியிடம் கொண்டுபோனேன். அவள் எக்ஸ்ரே படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த விரிசல் இன்னிக்கு நேத்து வந்ததில்லையே ராய்ஸ்டன்?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"ஈறுக்குக் கீழ வரைக்கும் பிளந்திருக்கு. காப்பாத்த வழியில்ல. எடுத்துத்தான் ஆகணும்."

"அந்த மருந்தாலயா?"

"உறுதியா சொல்லமாட்டேன். விரிசல் விழுந்த பல்லு. இன்னும் பத்து வருஷம் சும்மா கிடந்திருக்கலாம், நாளைக்கே பிளந்திருக்கலாம். ஆனா அதுமேல போய் அந்த மருந்தை ஊத்தியிருக்கக் கூடாது, நேரா நரம்புக்கு இறங்கிடும். எங்கிட்ட வந்திருந்தா முதல்ல படம் எடுத்திருப்பேன். விரிசலை அடைச்சிருப்பேன். அப்புறம் லேசான மருந்து, உன் பல்லு அளவுக்கே ஒரு உறை செஞ்சு, அதுக்குள்ள தடவி வீட்லயே மெதுவா மாட்டிக்கச் சொல்லியிருப்பேன். இல்லன்னா, இந்தப் பல்ல வெளுக்கவே வேணாம், ஜோசிகிட்ட நானே பேசுறேன்னு சொல்லியிருப்பேன். ஏன்யா வரல?"

அவன் வாய்க்குள்ளேயே முனகினான். "பாரக்ளஃப் சார்கிட்ட சொல்லிடுவீங்கன்னுதான்."

ஹிலரிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது. "இந்த நாற்காலில கேட்டது எதுவும் என் அடுப்படி வரைக்கும் வந்ததில்ல. இத்தனை வருஷமா உங்க குழுவுல ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தவங்க வாயெல்லாம் எனக்குத் தெரியும். யாரையாவது யாராவது நாற்காலி மாத்தினாங்களா?"

பல் போயிற்று. பொய்ப்பல் ஒன்று கட்டிக்கொடுத்தாள், பார்க்க அசல் போலவே இருந்தது. பொய்ப்பல்லோடு ஊதுகிறவர்கள் உண்டு, மறுபடி பழகிக்கொண்டவர்கள் உண்டு. அவனும் கோடை முழுக்க பஸ் டிப்போவின் பின்னால் நின்று பழகினான். உதடு ஒட்டவில்லை. காற்று ஓரத்தில் புஸ்ஸென்று போனது. அறுபதை நெருங்குகிற உதடு, புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மறுத்தது. ஜோசியிடம், வயசாகிவிட்டது, அதனால் பல் போயிற்று என்று சொல்லிவிட்டான். அவளுக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.

செப்டம்பரில் ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு கார்னெட் பெட்டியோடு வந்தான். வாத்தியம் குழுவுக்குச் சொந்தம், ஊதாதவன் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க சார். துடைச்சு எண்ணெய் போட்டிருக்கேன்."

பாரக்ளஃப் பெட்டியை வாங்கவில்லை. "மேட்டுத் தெருவுல நாய் குறுக்க வந்துச்சே, அன்னிக்கு உடைஞ்சதுதான?"

ராய்ஸ்டன் திகைத்து என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"அவளா? அவகிட்டேர்ந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியுமா? எனக்குக் காது இருக்குய்யா. அன்னியிலேர்ந்து மவுத்பீஸை இடது பக்கமா நகர்த்திட்ட. மேல் சுரத்துல நீளமா நின்னா கடைசில ஒரு நடுக்கம்."

"தெரிஞ்சும் ஏன் சார் என்னை மாத்தல?"

"எதுக்கு மாத்தணும்? அந்த நடுக்கத்தோட நீ ஊதுறதை இங்க எவன் ஊதுவான்?" மூக்கைச் சொறிந்துகொண்டார். "அதான் நீளமான இடம் வர்றப்பல்லாம் ரெண்டு ரெண்டு வரியைப் பிச்சு டோரீனுக்குக் குடுத்தேன். அந்த நேரத்துக்கு உன் பல்லு கொஞ்சம் ஆறட்டுமேன்னு."

என் கையிலிருந்த நாற்காலி நழுவிவிட்டது. அந்த இரண்டு வரிகளும் என் திறமைக்குக் கிடைத்தவை என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆனால் அப்போது எனக்கு வெட்கம்கூட வரவில்லை. ராய்ஸ்டனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சொல்லியிருக்கலாமே சார்" என்றான்.

"நீயும் சொல்லியிருக்கலாமே" என்றார் பாரக்ளஃப். "சொன்னா கூசிப்போயிடுவேன்னு விட்டுட்டேன்யா. தப்புதான்."

இப்போது ராய்ஸ்டன் பெரிய முரசு அடிக்கிறான். பாரக்ளஃப்தான் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டார். முதல் நாற்காலியில் வேறு ஒரு பெண், நல்ல பெண், நல்ல பல். பாரக்ளஃப் பழைய பாட்டுகளில் எதையும் மாற்றி எழுதவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் சந்தைத் திடலில் நின்று ஊதும்போது அந்த நீளமான இடம் வரும். எதற்கென்று தெரியாமலே அந்தப் பெண் கார்னெட்டை இறக்குவாள், நான் அந்த இரண்டு வரிகளை ஊதுவேன். அங்கே முரசுக்கும் வேலை இல்லை. யாருக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டதோ அவன் கோலைப் பிடித்தபடி, வாயை மூடிக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரியும். திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.