கருத்துக்கேட்புக் கூட்டத்தின் வாசலில் நின்றவள்

"பொதுமக்கள் இத்திட்டத்தில் ஆர்வம் காட்டவில்லை. வருகை: ஒன்பது பேர்." அச்சிடப்பட்ட அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் அக்கா. அந்த வரி எப்படி உண்டானது என்பதை அறிந்தவர்களில் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். ஆகவே எழுதி வைக்கிறேன்.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்ற மறந்து கடைத்தெருவுக்குப் போய்விடுவாள் என்பதால், ஊரில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். கணவர் இளம் வயதில் இறந்தார். தையல் மெஷினை மிதித்தே ஒரே மகளை ஆளாக்கினாள். லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். பேரக்குழந்தை பிறந்தது. அதுவரை அவள் அரசாங்கத்திடம் எதையும் கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் கிணறுகளில் ஊறுவது உப்புநீர். குடிக்கவும் சமைக்கவும் ஆறு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். உப்புநீரில் குளிப்பாட்டியதில் குழந்தையின் தோல் வெடித்தது. மருமகன் கோபப்படவில்லை, தீர்மானமாகச் சொன்னார். அணையிலிருந்து கால்வாய் நீட்டப்போவதாகப் பேச்சு இருக்கிறது, அது உறுதியானால் இருப்போம், இல்லையென்று தெரிந்தால் அந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புவோம் என்றார். மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசாததுதான் அக்காவை உலுக்கியது.

கால்வாய்க்கு இரண்டு வறண்ட பகுதிகள் போட்டியிட்டன. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நண்பகலுக்குள் முந்நூறு பேர் வந்து ஆதரவாகக் கையெழுத்திட்டால்தான் எங்கள் பகுதி பரிசீலனைக்கு வரும் என்று அறிவிப்பு சொன்னது. அந்த அறிவிப்பின் மூலப்படி என்னிடம் உள்ளது.

அக்கா தன் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஊரில் பாதிப் பேரின் தோளும் உயரமும் அதில் இருந்தன. அந்தப் பக்கங்களின் ஓரத்திலேயே யார் வருவார்கள், யார் தயங்குகிறார்கள் என்று குறித்தாள். மாலை மூன்று மணி நேரம், எழுபது நாள். கையெழுத்துப் போட்டுப் போட்டு கை தேய்ந்ததுதான் மிச்சம் என்று சலித்தவர்களிடம் அவள் வாதாடுவதில்லை. அவர்கள் தண்ணீர் பிடிக்கப் பட்ட பாட்டையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்பாள்; முடிந்ததும், இதை அங்கே வந்து சொல்லுங்கள் என்பாள். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை கிண்டலாகக் கேட்டாள்.

"கால்வாய் வந்துட்டா எங்க வீட்டுக்காரர் தினமும் குளிக்கணுமேக்கா. அதை யோசிச்சியா?"

"அவருக்குத் தனியா ஒரு வாய்க்கால் கேட்டிருக்கேன். நீ கையெழுத்துப் போட வா."

அந்தப் பெண் சம்மதித்தாள். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு பேர் வருவதாக வாக்குக் கொடுத்தார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி திட்ட அலுவலகம் அக்காவைக் கேட்டது. லாரி வந்து போன மறுநாள்தான் ஜனங்களுக்கு மனசு சற்று நிதானமாக இருக்கும் என்றாள் அக்கா. ஒன்றரை ஆண்டாக லாரி வந்த தேதிகளை நான் குறித்து வைத்திருந்தேன். நோட்டைப் பார்த்து, லாரி செவ்வாய்க்கிழமை வரும், புதன்கிழமையைக் கேள் என்றேன். என் சொல்லை நம்பி அவள் புதன்கிழமையைக் கேட்டாள். எங்கள் காரணத்தையும் கடிதத்தில் விளக்கமாக எழுதிக் கொடுத்தோம். அது எங்கள் பிழை.

செவ்வாயன்று லாரி வரவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள்; மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி வரும்வரை பதிவேட்டைத் திறக்கக்கூடாது என்று மேசை எழுத்தர் அதைக் கைக்கு அடியிலேயே வைத்திருந்தார். பத்தேகாலுக்குத் தெருவில் லாரியின் ஹார்ன் கேட்டது. உள்ளே பேச்சு நின்றது. யாரும் எழவில்லை; எல்லாரும் வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து மருமகன்தான் சொன்னார்.

"கதவைச் சாத்துங்க அத்தை. ரெண்டு மணி நேரந்தான்."

அக்காவின் கை கதவில் இருந்தது. முன்வரிசையில் மூன்று பெண்கள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குடங்கள் முந்தின நாளே காலியானது அவளுக்குத் தெரியும்.

"போங்க," என்றாள். "இன்னைக்கு விட்டா இன்னும் ஆறு நாள். புடிச்சு வச்சிட்டு ஓடி வந்துடுங்க."

வரிசை மிக நீளம். நண்பகலில் பதிவேட்டில் இருந்தவை, போகாமல் தங்கிவிட்ட அக்காவையும் சேர்த்து ஒன்பது கையெழுத்துகள். மற்றவர்கள் திரும்பி வந்தபோது மணி ஒன்று. பதிவேடு பைக்குள் போயிருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த கைகளால் அந்த எழுத்தரைக் கும்பிட்டாள் அக்கா. விதி விதிதான் என்று அவர் வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்.

லாரி பழுதானதால் ஒருநாள் தாமதம் என்று எனக்குப் பதில் வந்தது. பழுதுபார்ப்புப் பதிவேட்டின் நகலை ஏழு மாதம் அலைந்து வாங்கினேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக எந்த லாரியின் எண்ணும் இல்லை. யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை நான் எழுதுவதில்லை.

கூட்டம் நடந்த மாதத்தின் கடைசியில் மருமகன் மூட்டை கட்டினார். கதவைச் சாத்தியிருக்கலாம் என்று ஒரே ஒருமுறை சொன்னார். பேருந்து நிலையத்தில் அக்கா குழந்தையை வாங்கி, அதன் கையளவையும் உயரத்தையும் நாடாவால் எடுத்துக்கொண்டாள். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கூட்டி, கணக்குப் போட்டே சட்டை தைத்து அனுப்பினாள். இங்கே எந்நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது, நீயும் வந்துவிடு என்று மகள் தொலைபேசியில் அழைப்பாள். வருகிறேன் என்பாள். போகவில்லை.

நான்காம் கோடையில் அக்கா மெஷின் முன்பு சாய்ந்தபடியே இறந்து கிடந்தாள். லாரி வந்து ஐந்தாம் நாள். எந்த வீட்டிலும் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும் நாள். உடலைக் கழுவ உப்புநீர் போதும் என்று நான்தான் சொன்னேன். முதலில் எதிர்வீட்டுக்காரி கால் குடம் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மேலத்தெருவிலிருந்து ஒரு சொம்பு. பிறகு எனக்குப் பெயர் தெரியாதவர்கள் வந்தார்கள். கூடம் நிறைந்து வாசல்வரை பாத்திரங்கள் நின்றன. வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மகள், உள்ளே போக வழியில்லாமல் அவற்றுக்கு நடுவே நின்றாள்.

"போதும்னு சொல்லுங்க மாமா," என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. "அவங்களுக்குக் குடிக்க வேணும். போதும்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். யாரும் நிறுத்தவில்லை.