பிங்க் கார்டும் என் தலையாட்டலும்

எனக்கு வாய் நீளம். கல்யாணமாகிக் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் மாதமே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். மார்க்கெட்டில் அவருக்குக் காய்கறிக்கடை. கடையில் என்னை உட்காரவைத்தால் சரக்கு விற்காது, கதைதான் விற்கும் என்பார். நான் சொல்லப்போகிற அந்த நாளில் வெறும் பேச்சோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் ஒரு தலையாட்டலையும் சேர்த்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மொழி புரியாமல் முழித்த நாட்களில் மீன்காரரிடமும் பால்காரரிடமும் எனக்காகப் பேசியவள் அவள்தான். அவளுடைய வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன். வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்த் திரும்பி வந்தவர். வாரத்தில் மூன்று நாள் தேவரா வழியாகப் போகும் பஸ்ஸில் அவரை உட்காரவைத்து எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவாள். ஒரே மகள். துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஓடியது என்று சொல்வதுகூட அதிகம்.

இங்கே ரேஷன் கார்டுக்கு நிறம் உண்டு. மஞ்சள் பரம ஏழைக்கு, பிங்க் ஏழைக்கு, நீலம் நடுவில் தொங்குகிறவர்களுக்கு, வெள்ளை யார் தயவும் வேண்டாதவர்களுக்கு. எங்களுடையது நீலம். அக்காவுடையது வெள்ளை. அண்ணன் வெளிநாட்டில் இருந்தபோது விழுந்த நிறம் அது. ஆள் திரும்பி வந்தாயிற்று, சம்பாத்தியம் நின்றாயிற்று, நிறம் மட்டும் மாறவில்லை. பிங்க் கிடைத்தால் மாதாமாதம் அரிசி வரும். அதைவிடப் பெரிய விஷயம், ஆஸ்பத்திரியில் அந்தக் கார்டைக் காட்டினால் செலவில் பெரும்பகுதி குறையும் என்று அங்கிருந்த நர்ஸே சொல்லியிருந்தாள். அதனால் அக்கா கார்டை மாற்றித்தரச் சொல்லி மனு கொடுத்தாள். கொடுத்துப் பல மாதமாகியும் பதில் இல்லை. நாங்களும் அதை மறந்தே போனோம்.

இந்த நிறங்களை வைத்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வீட்டில் அடிக்கடி வாக்குவாதம் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் மாடிவீட்டுக்காரனும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் நின்று அரிசி வாங்குவார்கள், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பேன் நான். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், விடமாட்டார்.

"உங்க ஊர்ல வாங்குற அரிசியில பாதி கோழிக்குத்தான் போகுது. இருக்கிறவனுக்கும் எடுத்துக் கொடுத்தா இல்லாதவனுக்கு என்ன மிஞ்சும்? ஆளைப் பார்த்துக் கொடுக்கணும்."

அதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஆளை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்றுமட்டும் நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

தன் வீட்டில் இல்லை என்று அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள். மாதக் கடைசியில் முந்தானைக்குள் ஒரு தூக்குவாளியை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவாள். "தோசைக்குப் போட அரிசி கொஞ்சம் குறையுதுடி" என்பாள். நானும் தோசைக்குத்தான் என்பதுபோல அளந்து போடுவேன். அவள் வீட்டில் தோசைக்கல் அடுப்பேறிப் பல நாளாயிற்று என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் தோசையைப் பற்றியே பேசிக்கொள்வோம்.

அந்தச் சமயத்தில் மகளுக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அக்காவின் சின்னம்மா கொண்டுவந்த இடம். பையனுக்கு நல்ல வேலை, எதுவும் கேட்கமாட்டார்கள், ஆனால் குடும்பத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராச்சும் வந்து கேட்டா நல்லவிதமா சொல்லு, கேட்டியா? அத்தாவோட சீக்கை நாங்களே நேரம் பார்த்துச் சொல்லிக்கிறோம்."

அத்தா என்று அவள் சொன்னது அண்ணனைத்தான். மகள் கூப்பிடுவதுபோலவே அவளும் சொல்லிப் பழகிவிட்டாள். பெண் விசாரிக்க வந்தவரிடம் அந்த வீட்டைக் குறைத்துச் சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு புதன்கிழமை. அக்காவும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அக்குளில் பையும் கையில் குடையுமாக, பூட்டிய அவர்கள் வீட்டின் முன்னால் நின்று மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வாசலுக்கு வந்து, "அப்புறத்தெ வீட்டுகாரெ அறியாமோ?" என்று கேட்டார். அவர்களைத் தெரியுமா என்கிறார். தெரியுமாவா? தான் யார் என்று சொல்லக்கூட அவரை விடவில்லை. நாற்காலி போட்டேன். சாயா போட்டேன்.

சொந்த வீடா என்றார். சொந்த வீடு, மேலே இரண்டு அறையும் இருக்கிறது என்றேன். மேல்மாடி அண்ணனின் தம்பிக்கு உரியது, அவர் பூட்டிப் போட்டுவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது என்பதை விழுங்கிவிட்டேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்றார். கல்ஃபில் இருந்தார், சம்பாதித்தது போதும் என்று வந்து ஓய்வாக இருக்கிறார் என்றேன். சாப்பாட்டுக்குக் கஷ்டம் உண்டா என்று கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் அப்படிக் கேட்பார்? எனக்கு ரோஷம்தான் வந்தது. யாரிடமும் கை நீட்டாத குடும்பம் என்றேன். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகவே சொன்னேன். பி.காம்., ஸ்கூட்டி ஓட்டுவாள், ஐந்து வேளையும் தொழுவாள். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

எழுந்து போகும்போது அக்கா வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற வெள்ளைக் காரைக் காட்டி, "வண்டி இவருடேதாணோ?" என்றார். இவர்களுடையதா என்கிறார். அது எதிர்வீட்டுச் சேச்சியின் கார். சந்து குறுகல் என்பதால் அங்கேதான் நிறுத்துவார்கள். பாலக்காட்டுக்காரர் கண்ணுக்கு ஒரு கார் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அக்காவிடம், ஆள் வந்தார், ஜம்மென்று சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றேன். காரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, கேட்டால் திட்டுவாள் என்று. அக்கா சந்தோஷத்தில் பழம்பொரி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வெட்கமில்லாமல் தின்றேன்.

மூன்று வாரம் கழித்து ரேஷன் ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், படிக்க வராது. அக்காதான் என் அடுப்படியில் நின்று படித்துத் தமிழில் சொன்னாள். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் குடும்பத்துக்கு மாடிவீடும் நாலு சக்கர வண்டியும் இருப்பதாகத் தெரியவந்ததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. அவள் வண்டி என்ற இடத்துக்கு வந்ததுமே அந்தக் குடையும் அக்குள் பையும் கண்முன் வந்து நின்றன.

அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"அவகிட்டயும் பிங்க் கார்டுதான் இருக்கும். தன் வண்டியை நம்ம தலையில கட்டிட்டு அவ தப்பிச்சிருக்கா. வேற ஆரு பறஞ்சிருப்பா?" வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்கிறாள்.

அன்று தொடங்கியது. சுவரோரம் காரை நிறுத்தக்கூடாது என்று அக்கா சண்டை போட்டாள். ஒன்றும் புரியாத சேச்சி காரை எங்கோ கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்த்து, "இவர்க்கு எந்து பற்றி?" என்பாள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடமே கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்காவிடம் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் போய்ச் சரிசெய்துவிடுவோம், கார்டு கையில் வந்தபிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் ஒரு காலையில் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

அதே ஆள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அன்றைக்குச் சொன்னது அத்தனையும் தப்பு என்றேன்.

"அன்னு இதொந்நும் பறஞ்ஞில்லல்லோ" என்றார். அன்றைக்கு இதையெல்லாம் சொல்லவில்லையே என்கிறார்.

"நீங்க பொண்ணு விசாரிக்க வந்தீங்கன்னு நினைச்சேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். வாய்ப்பேச்சு போதாது, எழுதிக் கொடுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். எனக்கு மலையாளம் எழுதத் தெரியாதே. சரி, சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று அவரே காகிதத்தை எடுத்தார்.

சொன்னேன். முதல் தடவை கூட்டிச் சொன்னதற்கெல்லாம் ஈடுகட்டுவதுபோல ஒன்றுவிடாமல் சொன்னேன். டயாலிசிஸ். விற்ற நகை. பூட்டிக்கிடக்கும் மாடி யாருடையது என்பது. மழைக்குப் பாத்திரம் வைக்கும் கூடம். அவர் போதாது என்பதுபோல் பேனாவைத் தூக்கிப் பார்த்தார். அந்தத் தூக்குவாளியையும் சொன்னேன். மாதக் கடைசியில் என் வீட்டில்தான் அரிசி வாங்குகிறார்கள் என்றேன். எழுதி முடித்ததும், உங்களுக்குப் படிக்கத் தெரியாது, எழுதியது சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று முழுவதையும் உரக்க வாசித்தார். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். யார் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

வரிசையில் அக்காவின் சின்னம்மா நின்றிருக்கிறாள். சம்பந்தம் கொண்டுவந்த அதே சின்னம்மா.

மறுநாள் அக்கா முன்வாசல் வழியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வந்தவரை யார் என்று நினைத்தேன், காருக்கு ஏன் தலையாட்டினேன், எதிர்வீட்டுச் சேச்சி மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

"நீ பொய் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்லடி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கார்டு இல்லன்னா வேற வழி பார்த்திருப்பேன். அந்தத் தூக்குவாளியை எதுக்குடி அங்கே கொண்டுபோய் வச்சே?"

அவள் நேராக எதிர்வீட்டுக்குப் போய்ச் சேச்சியிடம் காரைப் பழைய இடத்திலேயே நிறுத்தச் சொன்னாள். சேச்சியிடம் பேசினாள். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பாலக்காட்டிலிருந்து, இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று தகவல் வந்தது. அதை எனக்குச் சொன்னது அக்கா இல்லை, சேச்சி.

ரேஷன் ஆபீஸ்காரர் சொன்னபடி மறுபடி வந்து பார்த்தார். அவர்கள் கார்டு பிங்க் ஆனது. அண்ணனின் ஆஸ்பத்திரிச் செலவு குறைந்தது. என் வீட்டுக்காரர், பார்த்தாயா, ஆளைப் பார்த்துக் கொடுத்தால் சரியான இடத்துக்குத்தான் போகிறது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சமைக்கவில்லை. போய்ச் சேர்ந்தது உண்மைதான். அது போய்ச் சேர அந்த வீட்டின் அடுப்பை ஊர் நடுவில் வைக்க வேண்டியிருந்தது, வைத்தவள் நான்.

அரசாங்கம் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டிவியில் பேசுகிறவர்கள் தொகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இவ்வளவு போதும், இவ்வளவு அதிகம், இலவசம் மனிதனைக் கெடுக்கும் என்கிறார்கள். எனக்குத் தொகை தெரியாது. அதைக் கேட்டு வாங்க ஒரு வீட்டுக்காரி எவ்வளவு சொல்ல வேண்டும் என்று யாராவது பேசினால் உட்கார்ந்து கேட்பேன். எங்களைப் போன்றவர்கள் இல்லாததை இருப்பதாகக் காட்டியே பிள்ளைகளைக் கரையேற்றுகிறோம். அதே வாயால் இல்லாமையை ஊரறியத் திறந்து காட்டினால்தான் அரிசி என்றால் நாக்கு எந்தப் பக்கம் புரளும்? எங்கள் ஊரைப்போல எல்லாருக்கும் கொடுப்பது வீண் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். அந்த வீணில் யாரோ ஒருத்தியின் தூக்குவாளி மறைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால், அண்ணனுக்கு முதலில் கொடுக்காமல் மாடிவீட்டுக்காரனுக்கும் சேர்த்துப் பிரிப்பது எப்படி நியாயம் என்றும் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் மனசு இழுக்கிறது, ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, போன வாரம், அக்கா பின்வாசலில் வந்து நின்றாள். கையில் தூக்குவாளி. முந்தானைக்குள் இல்லை, வெளியே. ரேஷன் அரிசி நிறைய இருந்தது. என் பானையைத் திறந்து அவளே கொட்டினாள். காலி வாளியை மூடிக்கொண்டே சொன்னாள்.

"களமசேரியிலேர்ந்து ஒரு இடம் வந்திருக்கு. யாராச்சும் வந்து கேப்பாங்க."

"நான் என்ன சொல்லட்டும் அக்கா?"

"உள்ளதைச் சொல்லு. மகளும் அதைத்தான் சொல்றா." வாசல்படி இறங்கியவள் திரும்பினாள். "ஆனா ஆபீஸ்ல சொன்ன மாதிரி சொல்லாதே."

அன்றிலிருந்து எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று தொடங்குகிறேன். அதற்கு மேல் எதை எடுத்தாலும் அது அந்தக் காகிதத்தில் இருந்த வார்த்தையாகவே வருகிறது. களமசேரிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.