அக்கா தேர்ந்தெடுத்த மெஷின்

இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவின் அலுவலகத் தோழிகளுக்கும், பாம்பூஃப்ளாட் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்தார். பெருமையாக எழுத நிறையவே இருக்கிறது. ஆனால் கடைசிக் காலத்தில் நான் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். அக்கா எப்படிப்பட்டவர் என்பது எனக்கே அப்போதுதான் சரியாக விளங்கியது.

அக்கா பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில். எங்கள் குடும்பத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது அவருக்கு ஒன்பது வயது. நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். மண்டபம் முகாமில் பெயர் கூப்பிட்டார்கள், தாளில் கையெழுத்து வாங்கினார்கள், பிறகு ஒருநாள் கப்பலேறச் சொன்னார்கள். அந்தமானின் ஹட் பே எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்பாவுக்கே தெரியாது. அங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. வீடு, அடுப்பு, நான் ஆகிய மூன்றும் அக்காவின் பொறுப்பில் வந்தன. அதற்கு நடுவில் அவர் பள்ளிக்கூடமும் போனார், வகுப்பில் முதலாவதாகவும் வந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நர்ஸ் படிப்புக்குப் போக அக்காவுக்கு ஆசை. அந்த வருடம் அப்பா முதுகு ஒடிந்து படுத்தார். போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அக்கா எழுதிப் போட்டுச் சேர்ந்துவிட்டார். நான் படித்து வாத்தியார் ஆனது அதனால்தான். கல்யாணமும் பெரியவர்கள் பேசி முடித்த பிறகே அவர் காதுக்குப் போனது. அத்தான் தங்கமான மனிதராக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். அத்தான் இதைப் படிப்பார் என்பதற்காக எழுதவில்லை, உண்மையைத்தான் எழுதுகிறேன்.

முப்பது வருடங்களுக்கும் மேல் பாம்பூஃப்ளாட்டில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து போர்ட் பிளேரின் சாத்தாம் துறைக்குப் படகில் வேலைக்குப் போய் வந்தார். சுனாமிக்குப் பிறகு ஹட் பேயிலிருந்து அம்மாவையும் அப்பாவையும் தன் வீட்டுக்கே கூட்டி வந்து, இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மகளைப் படிக்க வைத்துச் சென்னையில் கட்டிக்கொடுத்தார். பிறகு ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம், மழையில் ஊறிப்போன பின்கதவைச் சரிசெய்ய ஒரு வங்காளித் தச்சு மிஸ்திரி வந்தார். அக்கா டீ கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். மிஸ்திரி சீவிப் போட்ட, படாக் என்னும் சிவப்பு மரத் துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாராம். அடுத்த வாரம் அவரிடமிருந்து மீதித் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஓர் அஞ்சறைப் பெட்டி செய்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாவது பெட்டியின் மூடி பொருந்தியது. "தீதி, ஹாத் பக்கா ஹை!" என்று மிஸ்திரியே அவர் கைப்பக்குவத்தை மெச்சினார். அதன் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. முக்காலி, புத்தக அலமாரி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதுமேசை என்று வரிசையாகச் செய்தார். பின்கட்டில் சிவப்புத் தூள் படிந்த சேலையோடு உட்கார்ந்து அவர் பாடிக்கொண்டிருப்பதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். குரல் சுமார்தான்.

மரத்தை உப்புத்தாளால் மணிக்கணக்கில் கையாலேயே தேய்ப்பார். அதில்தான் வினை வந்தது. வலது கட்டைவிரல் மூட்டு வீங்கியது. "இப்படியே தேய்ச்சா கரண்டிகூடப் பிடிக்க முடியாமப் போயிடும்மா. ஒண்ணு மெஷின் வாங்குங்க, இல்லாட்டி விட்டுடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுவதாக அக்காவுக்கு எண்ணமே இல்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறிய சாண்டிங் மெஷின் ஒன்றைத் தேட ஆரம்பித்தார். நாங்கள் பெண் பார்ப்பதைவிட நிதானமாகப் பார்த்தார் என்றால் மிகையில்லை. வீட்டிலிருந்து ஒரு படாக் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போர்ட் பிளேர் கடைகளுக்குப் போவார். மெஷினைப் பிளக்கில் செருகச் சொல்லி, கடைக்காரர் கண்ணெதிரே ஐந்து நிமிடம் ஓட்டுவார். பிறகு பேனாவை எடுத்து ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து கோணினால் அந்த மெஷின் வேண்டாம். கை நடுங்கும் அளவுக்கு அதிர்கிறது என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் கையெழுத்துப் போட்டவருக்குத் தன் கையெழுத்தை விட்டால் வேறு எது அளவுகோல்?

அடுத்த கேள்வி, "பையா, இஸ்கா பேப்பர் இதர் மிலேகா?" இதற்கான தாள் இங்கேயே கிடைக்குமா என்று. வட்டமான மெஷின்களுக்கு அதற்கென்றே ஓட்டை போட்டு வெட்டிய, அடியில் ஒட்டிக்கொள்ளும் தாள் வேண்டும். அது மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். சதுர மெஷினுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண உப்புத்தாளை நாலாகக் கிழித்துச் செருகினால் போதும். கடல் கொந்தளித்துக் கப்பல் வராத மாதங்களில் தீவில் எது கிடைக்கும் என்று யோசிக்காமல் அக்கா எதையும் வாங்க மாட்டார்.

மூன்று மாதம் போயிற்று. இங்கே இருந்த இரண்டு மெஷின்களும் கையெழுத்துப் பரீட்சையில் தோற்றன. அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை கிளம்பினேன். மெயின்லேண்ட் போகிறவர் கையில் ஊரே பட்டியல் கொடுப்பது நம் வழக்கம்தானே. அக்காவின் பட்டியலில் ஒரே ஒரு வரி. சிறிய சதுர மெஷினைக் கடையில் பார்த்து, படம் எடுத்து அனுப்பு, நான் சொல்லாமல் வாங்காதே.

நான் வாங்கினேன். அதுவும் வட்டமான, பெரிய மெஷின். "சார், இதுதான் பவர். ப்ரொஃபஷனல் ஆளுங்க எல்லாம் இதைத்தான் எடுக்கறாங்க" என்று கடைப் பையன் சொன்னதும் மயங்கிவிட்டேன். அக்கா அசந்து போவார் என்று நினைத்துக்கொண்டு, கப்பலில் மூன்று நாளும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா பெட்டியைப் பிரித்தார். பிளக்கில் செருகி, ஐந்து நிமிடம் ஓட்டினார். அவர் விரல்கள் மெஷினைப் பாதிகூடச் சுற்றவில்லை. நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுப் பூனை போட்டதைப் போல இருந்தது. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, அப்பாவுக்காகப் படிப்ப விட்டேன். ஆபீஸ் வேல யாரோ சொல்லிப் போனது. ஒங்க அத்தானக்கூட நீங்கல்லாம் பாத்துத்தான் கட்டி வெச்சீங்க. எனக்குன்னு நானே பாத்து எடுக்கணும்னு நெனச்சது இந்த ஒரு மெஷினத்தான். அதுலயும் நீ முந்திக்கிட்டியேடா."

"மாத்திடலாம்க்கா" என்றேன்.

"தீவுக்கு வந்த சாமான் எங்க திரும்பிப் போவுது? விடு."

அன்று சாயங்காலப் படகில் ஊர் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவன், வாத்தியார், படகில் என் பழைய மாணவர்கள் வேறு. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அத்தான் போன் செய்தார். "மச்சான், அவ சாமானெல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டா. கேட்டா, போதும்ங்கறா. வீடு நல்லால்ல. வந்துட்டுப் போங்க."

போனேன். "அக்கா, நீங்களே பாத்து எடுங்க. நான் தூக்கிட்டு வர்ற ஆளு, அவ்வளவுதான்" என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு சாப்பாடு போட்டார். சாப்பாடு போட்டாலே பாதி மன்னிப்பு என்பது அக்காவிடம் சோறு சாப்பிட்ட அனைவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அக்காவின் மகள் கடைக்குப் போனாள். அவளுக்கு அம்மாவின் அதே சின்னக் கை. வீட்டில் சிக்னல் சரியில்லை என்று அக்கா படகுத்துறை ஜெட்டிக்கு வந்து, தூணில் சாய்ந்துகொண்டு வீடியோ காலில் பார்த்தார். மகள் ஒவ்வொரு மெஷினையும் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தாளைப் போன் முன்னால் காட்டினாள். "கோணுது. அடுத்தது எடு." "இதும் கோணுது." படகுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அக்காவைச் சுற்றி நின்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது மெஷினில் கையெழுத்து நேராக விழுந்தது. "அதான்! பில் போடச் சொல்லு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த படகு ஊழியர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சின்னச் சதுர மெஷின் அவருக்கு இரண்டு வருடச் சந்தோஷத்தைக் கொடுத்தது. அறுவர் உட்காரும் சாப்பாட்டு மேசை, பேத்திக்கு ஒரு தொட்டில், சௌல்தாரியில் இருக்கும் தோழிக்கு ஊஞ்சல் பலகை எல்லாம் அதில் தேய்த்து வந்தவை. விரல் வீக்கம் வடிந்தது. நான் வாங்கிய மெஷினை மிஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். அவர் கைக்கு அது கச்சிதம். மெயின்லேண்ட் போகும் எல்லோரிடமும் அவர் இன்றுவரை வட்டத் தாள் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் குறுக்கே வந்தால் முறைக்கிறார்.

நோய் தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. மெயின்லேண்ட் கூட்டிப் போகலாம் என்று நாங்கள் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றோம். இங்கேயே இருக்கிறேன் என்று அக்கா சொன்னார். டாக்டர்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, நிதானமாக யோசித்துத்தான் சொன்னார். மூன்று மாதம் வீட்டிலேயே, எல்லோரும் சுற்றியிருக்க, பெரிய வலி இல்லாமல் இருந்தார்.

அந்த நாட்களில் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், தினம் ஒரு வேளைக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஒவ்வொரு மாலையும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போன மிஸ்திரிக்கும், கடைசி யாத்திரை அன்று படகில் எங்களுக்காக இடம் ஒதுக்கி நின்றவர்களுக்கும் நாங்கள் என்ன கைம்மாறு செய்யப்போகிறோம். உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த மலரின் அட்டைப் படத்தைப் பார்த்துச் சிலர் சங்கடப்படலாம். பட்டுப்புடவையில் கோயிலில் எடுத்த படம் இருக்கும்போது, தலையெல்லாம் சிவப்புத் தூளாய், மூக்கில் கட்டிய துண்டு தாடைக்கு இறங்கி, வாய்விட்டுச் சிரிக்கும் இந்தப் படம் எதற்கு என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கடைசி வாரத்தில் அக்கா என் போனைக் கேட்டு வாங்கினார். "மலர் அது இதுன்னு போடுவீங்க. படத்த நானே பாத்துக் குடுக்கறேன்" என்றார். தலையணையில் சாய்ந்தபடி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளி அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். கோயில் படம் வந்தபோது, இதையே போடலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை.