எழுபத்தெட்டு லிட்டர்

கோபம் வந்துவிட்டால் ஊசியக்காவின் தையல் அடிக்கோல் வைத்ததுபோல் நேராக விழும். அந்தப் பதினாலு வாரத்தில் அவர் தைத்த உடைகளை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம், ஒரு இழைகூடக் கோணியிருக்காது.

அலைச்சறுக்குப் பள்ளியின் பின்னறையில் உட்கார்ந்து, மாணவர்கள் கிழித்துவிட்டுப் போகிற ரப்பர் உடைகளைத் தைத்தும் பசை போட்டு ஒட்டியும் கொடுப்பதுதான் அவருடைய வேலை. பதினோரு வருஷமாக அதே அறை. ஜன்னல் கிடையாது. திறந்தால் மணல் வந்து பசையில் ஒட்டும் என்று கதவும் சாத்தியே கிடக்கும். போன வருஷம் இருமல் நிற்காமல் போய், மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்தப் பசை வாடைய நீங்க விடுங்கம்மா, இல்லன்னா அது உங்களை விடாது" என்றார். பயிற்சியாளர் இடம் ஒன்று காலியானது அப்போதுதான். வெளிக்காற்றில் நின்று செய்கிற வேலை. ஊசியக்கா கேட்டார். நாற்பத்தோரு வயதில் கேட்டார், சரி, அதிலென்ன குற்றம்?

தலைமைப் பயிற்சியாளருக்குச் சுறா என்று பெயர். மற்றவர்கள் வைத்தது என்று நினைக்க வேண்டாம், அவரே வைத்துக்கொண்டது. அவர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: உடைகிற அலைகளைத் தாண்டி அப்பால் போய்த் திரும்ப வேண்டும், அதுவும் டக் டைவ் போட்டு. அலை மேலே விழுவதற்கு முன்னால், வாத்து முங்குகிற மாதிரி, பலகையின் மூக்கைக் கைகளால் அமுக்கி, வாலை முழங்காலால் அழுத்தி, பலகையோடு தண்ணீருக்கடியில் போய், அலை கடந்ததும் அந்தப் பக்கம் எழ வேண்டும். பழகுவதற்கு ஒன்பதடி மஞ்சள் பலகை ஒன்றையும் கொடுத்தார். பெரிய மனசுதான்!

தினமும் காலையில் வேலைக்கு முன்னால் இறங்கினார். எவ்வளவு அமுக்கினாலும் பலகை ஒரு சாண்கூட இறங்காது. அலை வந்து பலகையையும் அவரையும் சேர்த்துத் தூக்கிப் புரட்டிக் கரையில் போடும். மூக்கிலும் காதிலும் மணல். சுறா இடுப்பில் கைவைத்து நின்று, "கையில பலமே இல்லையேக்கா. ஊசி பிடிச்ச கைக்கு அவ்வளவுதான்" என்பார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஊசியக்கா அதை நம்பினாரே, வயிற்றெரிச்சலே அங்கேதான். வீட்டில் சுவரைத் தள்ளிப் பழகினார். தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினார். தைலம் தேய்த்துக்கொண்டே, "தண்டக் கைங்களா" என்று தன் கைகளைத் திட்டினார்.

பதினாலாவது வாரம் பலகை பாறையில் மோதி, மூக்கிலிருந்து நடு வரைக்கும் விரிசல் விட்டது. உடைந்த பலகைகளை ஒட்டுவது அவருடைய கொழுந்தனின் தொழில். பட்டறைக்குச் சுமந்துகொண்டு போனார். அவன் உப்புத்தாளால் மஞ்சள் பெயின்ட்டைத் தேய்க்கத் தேய்க்க, அடியில் பென்சிலால் எழுதிய ஓர் எண் தெரிந்தது. எழுபத்தெட்டு.

"என்ன தம்பி இது?"

"லிட்டர் அண்ணி. பலகை எவ்வளவு மிதக்கும்ங்கிற கணக்கு. செய்றவங்க எழுதிடுவாங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு உங்க பள்ளியில மேல பெயின்ட் அடிச்சிடறாங்க."

"இதுல டக் டைவ் போட எவ்வளவு பலம் வேணும்?"

"இதுலயா? விளையாடறீங்களா! உங்க எடைக்கு முப்பதைத் தாண்டினாலே கஷ்டம். இதை அந்தச் சுறாவாலயும் முக்க முடியாது."

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாம எப்படி? அவர் பலகை இருபத்தெட்டு. போன மாசம் நான்தான் ஒட்டிக் கொடுத்தேன்."

மறுநாள் காலை, மாணவர்கள் எல்லாரும் இருக்கும்போதே, தெரிந்தே ஏன் அந்தப் பலகையைக் கொடுத்தீர்கள் என்று ஊசியக்கா கேட்டார். சுறா சிரித்தார். "நீங்க வெளிய வந்துட்டா உடைய யாருக்கா தைக்கிறது? நாலு நாள்ல நீங்களே விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

"நாலு நாளா? பதினாலு வாரம் என் கையை நானே திட்டியிருக்கேன். நீங்க நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க."

பலகைகள் செருகியிருந்த மரச்சட்டத்திலிருந்து சுறாவின் பலகையை உருவிக்கொண்டு கடலில் இறங்கினார்.

முதல் அலை வந்தது. எழுபத்தெட்டு லிட்டரோடு மல்லுக்கட்டிப் பழகிய கைகள் அதே வேகத்தில் அமுக்கின. பலகை விருட்டென்று இறங்கியது, தாடை தரையில் இடிக்காதது அதிர்ஷ்டம். முழங்கால் தானாகவே வாலை அழுத்தியது. தலைக்கு மேலே அலை உருண்டு போன சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் எழுந்தார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். அலை உடையாத இடத்துக்குப் போய், பலகைமேல் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாத தைரியத்தில் ஓவென்று அழுதார். சந்தோஷத்தில் இல்லை, அவ்வளவு ஆத்திரம்.

இடம் கிடைத்தது. அத்தனை பேர் பார்த்த பிறகு சுறாவால் என்ன சொல்ல முடியும்? முதல் நாள் ஊசியக்கா பாடம் எதுவும் எடுக்கவில்லை. கட்டு நிறைய உப்புத்தாள் கொண்டுவந்து, மாணவர்களையும் உட்காரவைத்து, முப்பத்தாறு பலகைகளிலும் எண் தெரிகிற வரைக்கும் தேய்த்தார்.

சுறா பதறிக்கொண்டு வந்தார். "பெயின்ட் எல்லாம் போயிடுச்சேக்கா!"

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, ஊசியக்கா அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார்.