கண் சிவக்கலாம்

'கண் சிவக்கலாம், பயப்பட வேண்டாம்' என்று நோயாளிகளுக்குக் கொடுத்த தாளில் எழுதியவன் நான்தான். தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனையில் புதிய சொட்டு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாகும். அதுதான் கிளாக்கோமா. கைனேஸ் என்னும் நொதி ஒன்று அந்த வடிகாலை இறுக்கிப் பிடிக்கிறது. எங்கள் மருந்து அதைத் தடுத்தால் வடிகால் தளரும். கூடவே வெள்ளை விழியின் இரத்தக் குழாய்களும் விரியும், கண் சிவக்கும். மருந்தை உருவாக்கிய குழுவில் இருந்தவன் நான். இதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் வேறில்லை.

பாபநாசம் பக்கத்து வாய்க்காலில் மடை திறந்து மூடும் வேலை பார்த்த ஒருவர் சோதனையில் சேர்ந்திருந்தார். மடைக்காரர் என்றே அழைத்தோம். மருந்தைப் பற்றி விளக்கியபோது சிரித்தார். "கண்ணுக்குள்ளயும் மடையா? அடைச்சுக்கிட்டா தொறந்து விட வேண்டியதுதானே, இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?" அந்தக் கேலியை நான் மறக்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது அவருடைய இரு கண்களும் சிவந்திருந்தன. அன்று காலை அதே சிவப்போடு வந்த வங்கி அதிகாரியிடம், "மருந்து வேலை செய்யுதுங்க, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மடைக்காரர் எந்தத் தெருக்காரர், என்ன சாதி என்பது எனக்குத் தெரியும். கூடம் நிறைய ஆட்கள் இருக்க, "குடிச்சிருக்கியா? ஊது" என்றேன்.

அவர் அசையவில்லை. "செவக்கும்னு சீட்டுக் குடுத்ததே நீங்கதானே?"

"ஊதுன்னா ஊது."

"எல்லாருக்கும் வாங்க போங்க. எனக்கும் ஊதுங்கன்னு சொல்லுங்க, ஊதுறேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் கையிலிருந்த மருந்துக் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு, சோதனைப் பதிவேட்டில் 'குடிப்பழக்கம், நீக்கப்பட்டார்' என்று எழுதினேன். எழுதியதைத் துணைக்கு வந்திருந்த அவர் மனைவிக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். வழக்கமான மருந்தையாவது கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை.

எங்கள் மருந்து தேறியது. நான் பாராட்டு வாங்கி ஓய்வும் பெற்றேன். அவர் குடிப்பவரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதே இல்லை.

சென்ற மாதம்தான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு கண்ணும் போயிருந்தன. குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"அத வச்சு நான் என்னங்க பண்றது? குடிச்சுத்தான் கண்ணக் கெடுத்துக்கிட்டேன்னு என் மவன் இன்னும் ஏசுறான். தெம்பிருந்தா அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

மகன் பக்கத்து வயலில் நாற்றுக் கட்டுகளை வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கையிலிருந்த கட்டைக் கீழே போட்டார்.

"டாக்டரே சொல்லிட்டாருன்னு எங்கம்மா நம்புச்சு. ஒளிச்சு வச்சுக் குடிக்கிறாருன்னு கடைசி வரைக்கும் அவரோட பேசல. அம்மா சாவுற அன்னிக்கு அவரு தடவித் தடவிப் பக்கத்துல வந்தாரு. தொடாதேன்னுச்சு. நாந்தான் அவரக் கையப் புடிச்சு வெளிய கொண்டாந்து விட்டேன்."

பிறகு ரோட்டைக் காட்டி, "போய்யா" என்றார்.