பன்றிக்குட்டிக்குப் பேதி, பார்க்க வராதீர்கள்!

போன வாரம் தேர்தல் கூட்டத்தைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பன்றிகள். தொடர்பு தேடாதீர்கள்...

கால்நடை டாக்டர் நண்பரின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு திண்டிவனம் போயிருந்தேன். ஊர்க்கோடியில் லூர்தம்மா வீட்டுப் பன்றி குட்டி போட்டிருந்தது. அடுத்த தெருவில் அவருடைய அக்கா சூசையம்மா. அவர் வீட்டுக் குட்டிகளோ பேதி கண்டு எல்லாமே செத்துவிட்டன.

"இதுக்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஏதோ வைரஸ், ஆள் கால்ல ஒட்டிக்கிட்டு வரும். பெரிசு பிழைச்சுக்கும், குட்டி பிழைக்காது. அக்கா வீட்டு ஆள் யாரும் இங்கே வரக் கூடாது, நீங்களும் போகக் கூடாது" என்றார் டாக்டர்.

லூர்தம்மா ஆடிப்போனார். மாடு செத்தாலும் பன்றி செத்தாலும் உறவுக்காரர்கள் நேரில் போய் விசாரிப்பது அங்கே வழக்கம். போகாவிட்டால் ஜென்மப் பகை!

"கூடப் பொறந்தவ அழுதுகினு இருக்கா. ஒரு வார்த்தை கேக்காத இருந்தா நல்லாவா இருக்கும் சார்?"

"கேட்டீங்கன்னா உங்க குட்டிகளுக்கும் சேர்த்து அழணும்."

வீட்டுச் சந்தின் வாயை மறித்து முள் வெட்டிப் போட்டார் லூர்தம்மா. கொஞ்ச நேரத்தில் அக்காவே அழுதுகொண்டு வந்துவிட்டார். யார் சொல்வது? டாக்டர் திடீரென்று ஜீப் டயரை ஆராய ஆரம்பித்தார். நானோ வெளியூர் ஆசாமி, வாயைத் திறப்பேனா?

"அக்கா, அங்கியே நில்லு! உள்ள வராத!"

"குட்டிங்கள வாரிக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன். முள்ளு போட்டு மறிக்கிறியாடி?"

தங்கை அழுதபடியே காரணம் சொன்னார். அக்கா மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். குட்டி பிழைத்தாலும் உறவு பிழைக்காது என்றுதான் நினைத்தேன்.

இந்த வாரம் மறுபடி போனோம். முள்ளுக்கு வெளியே கையில் கழியோடு... சூசையம்மா! விசாரிக்க வந்த ஒரு பிரமுகரை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஓட்டு கேட்டு ஊடு ஊடா போய்க்கினு இருக்கிறவரு நீங்க. கால்ல இன்னா ஒட்டிகினு இருக்குதோ! ஜல்தியா போங்க!"

நாங்கள் மட்டும் ஃபினாயிலில் கால் கழுவிவிட்டு நுழைந்தோம்.

"நீங்க உள்ளே போய்ப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நான் குட்டிங்க செத்த கொட்டாய்லியே பொழங்குறவ. போனா ஆவாதுங்க. எனக்கு வந்தது அவளுக்கும் வரணுமா?"

உள்ளே அத்தனை குட்டிகளும் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. திரும்பியபோது சூசையம்மா என்னை மறித்தார்.

"எப்பிடி இருக்குதுங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சொன்னேன். காதோரம் வெள்ளை விழுந்த குட்டி, தம்பியை மிதித்து ஏறுவது, பால் குடித்தபடியே தூங்கிவிட்டது... கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார்.

எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன். இவ்வளவு ஆசையாக 'இன்னும் சொல்லுங்க' என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை!